பழைய புரொப்பேன் கிரில்லில் ரெகுலேட்டர் கோளாறு: அறிகுறி பார்த்துக் கண்டறிதலும் மாற்றுதலும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுப் பின்முற்றத்தில் நிற்கும் கேஸ் கிரில்கள், சற்றே கவனித்துக்கொண்டால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கக்கூடியவை. அவற்றின் மூடியும் வார்ப்பிரும்புத் தட்டும் எளிதில் கெடுவதில்லை. முதலில் மூப்படைவது சிலிண்டரையும் பர்னர்களையும் இணைக்கும் ரப்பர் டியூபும், அதன் தலைப்பில் இருக்கும் ரெகுலேட்டரும்தான். எனினும், தீ மந்தமானவுடன் ரெகுலேட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியதை வாங்கிப் பொருத்திவிட்டு, அதன் பின்னும் தீ அப்படியே எரிவதைக் கண்டு திகைப்பவர்கள் பலர். மறுபுறம், உண்மையிலேயே ரெகுலேட்டர் கெட்டு அழுத்தம் கட்டுமீறும்போது அதைக் கண்டுகொள்ளாமல் தொடர்ந்து சமைப்பவர்களும் இருக்கிறார்கள். முதல் தவறில் பணம் மட்டுமே வீணாகிறது. இரண்டாவது தவறு உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். ஆகவே தீ எப்படி எரிகிறது, என்ன ஒலி வருகிறது, எங்கே வாசனை அடிக்கிறது என்பவற்றைக் கொண்டு கோளாறு எங்கே இருக்கிறது என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகு ஸ்பேனரைக் கையில் எடுப்பதே முறை.

ரெகுலேட்டரின் வேலை என்ன என்று தெரிந்தால் பாதிக் கோளாறுகள் தாமாகவே விளங்கிவிடும். சிலிண்டருக்குள் புரொப்பேன் திரவமாகவும் அதன் மேல் ஆவியாகவும் இருக்கிறது. 70 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் அந்த ஆவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 110 பவுண்டு. 100 டிகிரி வெயிலில் 170 பவுண்டையும் தாண்டும். 0 டிகிரிக் குளிரில் 25 பவுண்டுக்கும் கீழே இறங்கிவிடும். பர்னருக்கு வேண்டியதோ 11 அங்குல உயர நீர் கொடுக்கும் அழுத்தம் மட்டுமே. அதாவது சதுர அங்குலத்துக்கு அரைப் பவுண்டுக்கும் குறைவு. வெளியே வெயிலானாலும் பனியானாலும், சிலிண்டர் நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும், பர்னருக்குச் செல்லும் அழுத்தத்தை இந்த ஒரே அளவில் நிறுத்திவைப்பதுதான் ரெகுலேட்டரின் கடமை. அதன் வட்டமான உடலுக்குள் ஒரு ரப்பர் சவ்வும், அதை அழுத்தும் ஒரு ஸ்பிரிங்கும், சவ்வோடு இணைந்து கேஸ் வரும் வழியைத் திறந்து மூடும் ஒரு சிறிய அடைப்பானும் இருக்கின்றன. சவ்வு தடையின்றி மேலும் கீழும் அசைவதற்காக, உடலின் வெளிப்புறத்தில் காற்று போய்வர ஒரு மூச்சுத்துளை விடப்பட்டிருக்கும். இந்தத் துளையைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

எந்தச் சோதனையைத் தொடங்கினாலும், கிரில் திறந்த வெளியில் இருக்க வேண்டும். மூடி திறந்திருக்க வேண்டும். அருகில் சிகரெட், மெழுகுவத்தி, மின்பொறி எதுவும் இருக்கக் கூடாது. புரொப்பேன் ஆவி காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனமானது என்பதால், கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு ஒட்டிப் படிந்து, பள்ளமான இடத்திலும் கிரில்லின் அடிப்பெட்டியிலும் தேங்கி நிற்கும்.

எல்லா பர்னர்களும் ஒருசேர மந்தமாக எரிகின்றன

மிகவும் அடிக்கடி காணப்படும் அறிகுறி இதுதான். குமிழை முழுவதும் திருப்பினாலும் தீ ஒரு விரற்கடை உயரத்துக்கு மேல் எழாது. மூடியை மூடி அரைமணி நேரம் காத்திருந்தாலும் வெப்பமானி 250 அல்லது 300 டிகிரியைத் தாண்டாது. இந்த நிலையில் ரெகுலேட்டர் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு என்றாலும், பெரும்பாலும் அது தனக்கிட்ட வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கிறது. 1995-க்குப் பின் வந்த கிரில்களின் இணைப்பில் ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது: டியூப் அறுந்தாலோ பெரிய கசிவு ஏற்பட்டாலோ கேஸ் திடீரென்று வேகமாகப் பாயும் அல்லவா, அந்தப் பாய்ச்சலை உணர்ந்து வழியை ஏறக்குறைய அடைத்து, சிறிதளவு கேஸை மட்டும் விடும். பர்னர் குமிழ்களை முன்னதாகவே திறந்து வைத்துவிட்டுச் சிலிண்டர் வால்வைத் திறந்தாலும், வால்வை ஒரே மூச்சில் படக்கென்று திறந்தாலும், இந்த அமைப்புக்கு அது கசிவாகவே தோன்றும். சமையலை முடிக்கும்போது சிலிண்டரை முதலில் மூடிவிட்டு, பர்னர் குமிழ்களைத் திருப்ப மறந்துவிடுபவர்களுக்கு அடுத்த முறை நேர்வது இதுவே.

அமைப்பை மீட்டெடுக்கும் முறை எளியது. ஆனால் வரிசை பிசகக் கூடாது. எல்லா பர்னர் குமிழ்களையும் மூடுங்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள். ரெகுலேட்டரைச் சிலிண்டரிலிருந்து கழற்றுங்கள். பர்னர் குமிழ்களை ஒரு நிமிடம் திறந்து, டியூபுக்குள் தங்கியிருக்கும் அழுத்தத்தை வெளியேறவிட்டு மீண்டும் மூடுங்கள். பிறகு ரெகுலேட்டரைக் கையால் இறுக்கிப் பொருத்தி, சிலிண்டர் வால்வை மிகமிக மெதுவாக, முதல் கால் சுற்றுக்கு ஓரிரு நொடி கொடுத்து, அதன் பின் முழுவதும் திறக்கும்படி திருப்புங்கள். சற்றுப் பொறுத்து, மூடி திறந்த நிலையில் ஒரே ஒரு பர்னரைப் பற்றவைத்து, அது நிலையாக எரிந்த பிறகு மற்றவற்றைப் பற்றவையுங்கள். ரெகுலேட்டரைக் குறைகூறிக் கடைக்குப் போகும் முன் எல்லோரும் இதை ஒருமுறையாவது செய்து பார்த்துவிட வேண்டும்.

இப்படிச் செய்தும் தீ எழவில்லையென்றால் அடுத்து சிலிண்டரின் எடையைப் பாருங்கள். அதன் கழுத்து வளையத்தில் வெற்று எடை பொறிக்கப்பட்டிருக்கும். பொதுவாக அது 17 பவுண்டு அளவில் இருக்கும். 20 பவுண்டு கொள்ளும் சிலிண்டர் நிறைந்திருந்தால் மொத்த எடை 37 பவுண்டு அளவுக்கு வரும். கடைகளில் காலியைக் கொடுத்து மாற்றிவரும் சிலிண்டர்களில் பெரும்பாலும் 15 பவுண்டு மட்டுமே நிரப்பியிருப்பார்கள் என்பதால், எதிர்பார்த்ததற்கு முன்பே தீர்ந்துவிட்டது போலத் தோன்றுவது உண்டு. குளியலறைத் தராசே இதற்குப் போதும். சிலிண்டர் ஏறத்தாழக் காலியாக இருந்தால், அதைத் தவிர வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

எடையும் சரி, வரிசையும் சரி, ஆனால் ஒவ்வொரு முறையும் மந்தத் தீதான் என்றால், இரண்டு காரணங்கள் மிஞ்சுகின்றன. ஒன்று, டியூபிலோ இணைப்பிலோ உண்மையான கசிவு இருந்து, பாதுகாப்பு அமைப்பு அதைத் தடுத்துக்கொண்டிருக்கலாம்; ஆகவே கீழே சொல்லப்படும் சோப்புத் தண்ணீர்ச் சோதனையை இப்போதே செய்துவிட வேண்டும். மற்றொன்று, ரெகுலேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்து அல்லது சவ்வு விறைத்துத் தன் அசைவை இழந்திருக்கலாம். மூச்சுத்துளையில் மண்ணோ பூச்சிக்கூடோ அடைத்திருந்தாலும் விளைவு இதுவே. துளையின் வாயில் ஒட்டியிருக்கும் அழுக்கை வெளிப்புறமாகத் துடைத்துப் பார்க்கலாம். ஆனால் கம்பியை உள்ளே விட்டுக் குத்தினால் சவ்வு கிழிந்துவிடும். வேறொரு நல்ல சிலிண்டரில் பொருத்திப் பார்த்தும் மாற்றமில்லையென்றால் ரெகுலேட்டரை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒரு பர்னர் மட்டும் சரியாக எரியவில்லை

ரெகுலேட்டர் எல்லா பர்னர்களுக்கும் பொது. மூன்றில் இரண்டு நன்றாக எரிந்து ஒன்று மட்டும் தடுமாறினால் குற்றவாளி ரெகுலேட்டர் அல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். அந்த பர்னரின் வால்வு, கேஸைப் பீய்ச்சும் சிறு துளை கொண்ட ஜெட், அல்லது கேஸும் காற்றும் கலக்கும் வென்ச்சுரிக் குழாய் ஆகியவற்றில் அடைப்பு இருக்கும். குளிர்காலம் முழுவதும் மூடிவைத்த கிரில்லில் சிலந்தி வலை பின்னி முட்டையிட்டிருப்பது மிகச் சாதாரணம். இந்த அடைப்பு வெறும் தொல்லை மட்டுமல்ல: உள்ளே போக வழியில்லாத கேஸ் பின்னோக்கித் திரும்பி, குமிழ்ப் பலகைக்குப் பின்னால் தீப்பற்றக்கூடும். பர்னரைக் கழற்றி, வென்ச்சுரிக் குழாய்க்கென்றே விற்கும் நீண்ட தூரிகையால் துடைத்து, மீண்டும் பொருத்தும்போது ஜெட்டின் முனை குழாயின் வாய்க்குள் சரியாக அமர்ந்திருப்பதை உறுதிசெய்யுங்கள். ஜெட்டின் துளையை ஊசியால் குடைந்து பெரிதாக்கிவிடக் கூடாது.

தீ மஞ்சளாக எரிகிறது, புகைக்கரி படிகிறது

நீலத் தீயின் நுனியில் இலேசான மஞ்சள் இருப்பது இயல்பு. தீ முழுவதும் மஞ்சளாகி, தட்டின் அடியில் கரி படிந்தால் காற்று போதவில்லை என்று பொருள். பர்னருக்குள் காற்றை விடும் சிறு கதவு மூடியிருக்கலாம், வென்ச்சுரிக் குழாயில் மேலே சொன்ன அடைப்பு இருக்கலாம். எல்லா பர்னர்களிலும் ஒரே நேரத்தில் தீ மஞ்சளாகவும் வழக்கத்தைவிட உயரமாகவும் எழுந்தால் மட்டும் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

தீ சீறுகிறது, பர்னரை விட்டுத் தூக்கி எரிகிறது

இந்த அறிகுறியைக் கண்டால் சமையலை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். தீ பர்னர்த் துளைகளிலிருந்து பிரிந்து அந்தரத்தில் எரிவதும், சீறும் ஒலியோடு தட்டைத் தாண்டி எழுவதும், குமிழைச் சிறு தீக்குத் திருப்பியும் அடங்காமல் இருப்பதும் அழுத்தம் மிகுந்துவிட்டதற்கான அடையாளங்கள். ரெகுலேட்டரின் அடைப்பான் அமரும் இடத்தில் தேய்மானமோ துகளோ இருந்தால் அது முழுவதும் மூடாமல் கேஸ் ஊர்ந்துகொண்டே இருக்கும்; பர்னர்கள் மூடியிருக்கும் நேரத்தில் டியூபுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பற்றவைத்த முதல் ஓரிரு நொடிகளில் மட்டும் தீ பெரிதாக எழுந்து பிறகு அடங்குவது இந்தக் கோளாறின் தொடக்க நிலை. பலர் இதைக் கிரில்லின் இயல்பு என்றே பழகிவிடுகிறார்கள். அது இயல்பு அல்ல. இத்தகைய ரெகுலேட்டரைத் திறந்து பழுதுபார்க்க முயலக் கூடாது. அதைத் தட்டிப் பார்ப்பதாலோ திருகைத் திருப்புவதாலோ சரியாகாது. மாற்றுவது ஒன்றே வழி.

அழுத்தம் மிகுவதற்கு ரெகுலேட்டரைச் சாராத காரணம் ஒன்றும் உண்டு. சிலிண்டரைப் படுக்கவைத்தோ சாய்வாக வைத்தோ எரித்தாலோ, அளவுக்கு மீறி நிரப்பியிருந்தாலோ, ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடும்; திரவ புரொப்பேன் ஆவியாகும்போது ஏறத்தாழ 270 மடங்கு விரியும் என்பதை நினைத்துப் பார்த்தால் அபாயம் விளங்கும். மிகைநிரப்பலைத் தடுக்கும் ஓ.பி.டி. வால்வு அமெரிக்காவில் 1998 செப்டம்பர் இறுதிக்குப் பின் செய்யப்பட்ட சிறிய சிலிண்டர்களில் கட்டாயமாக்கப்பட்டது. முக்கோண வடிவக் கைப்பிடி அதன் அடையாளம். வட்டமான பழைய கைப்பிடி கொண்ட சிலிண்டர் இன்னும் வீட்டில் இருந்தால், அதை நிரப்பக் கொண்டுபோகாமல் மாற்றிவிடுங்கள்.

கேஸ் வாசனை வருகிறது

புரொப்பேனுக்கு இயற்கையில் வாசனை இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டான் என்ற நாறும் பொருளைச் சேர்க்கிறார்கள். பற்றவைக்கும் நொடியில் சிறிதளவு வாசனை வருவது பொருட்டல்ல. பர்னர்கள் மூடியிருக்கும்போது வாசனை வந்தால் சிலிண்டர் வால்வை மூடுங்கள். மூடிய பின்னும் வாசனை நிற்கவில்லையென்றால், சிலிண்டரை அசைக்காமல் எல்லோரும் விலகிச் சென்று, தூரத்திலிருந்து தீயணைப்புத் துறையை அழையுங்கள். அந்த நிலையில் வீட்டில் இருப்பவர் செய்யக்கூடிய பழுதுபார்ப்பு எதுவும் இல்லை.

வால்வை மூடியதும் வாசனை நின்றுவிட்டால், கசிவு வால்வுக்கு அப்பால் இருக்கிறது. பாத்திரம் துலக்கும் திரவ சோப்பையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து, பர்னர்களை மூடிய நிலையில் சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, இணைப்பு நட்டு, ரெகுலேட்டரின் உடல், மூச்சுத்துளை, டியூபின் முழு நீளம், கிரில்லோடு சேரும் முனை என்று வரிசையாகத் தூரிகையால் பூசிக்கொண்டு போங்கள். குமிழி எழும்பி வளரும் இடம் கசியும் இடம். சிலிண்டரின் வெல்டிங் தையல்களையும் வால்வின் தண்டையும் விட்டுவிடாதீர்கள். தீக்குச்சியையோ லைட்டரையோ கொண்டு கசிவு தேடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

குமிழி இணைப்பு நட்டில் எழுந்தால் இறுக்கிப் பார்க்கலாம். டியூபில் எழுந்தால் டியூபை மாற்ற வேண்டும். அணிலும் எலியும் ரப்பரைக் கடித்துவைப்பதும், கொழுப்புத் தட்டின் அருகே டியூப் சூட்டில் வெந்து விரிசல் விடுவதும் பழைய கிரில்களில் அடிக்கடி நேர்வன. கசியும் டியூபின் மேல் டேப் சுற்றுவதை நினைத்தே பார்க்கக் கூடாது. மூச்சுத்துளையில் குமிழி எழுந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. அந்த ரெகுலேட்டரை அன்றே மாற்றிவிட வேண்டும்.

ரெகுலேட்டர் ரீங்கரிக்கிறது

இலேசான முனகல் ஒலி, சவ்வு அதிர்வதால் வருவது. சிலிண்டர் வால்வை அரைகுறையாகத் திறந்திருந்தால் இது மிகுதியாகும். முழுவதும் திறந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். தீ சீராக எரிகிறது, வாசனை இல்லை, சோப்புச் சோதனையில் குமிழி இல்லை என்றால் இந்த ஒலிக்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் தீ தாழ்கிறது, சிலிண்டரில் பனி பூக்கிறது

புரொப்பேன் மைனஸ் 44 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கொதிப்பது என்பதால் டொராண்டோவின் சாதாரணக் குளிரிலும் அது ஆவியாகவே செய்யும். ஆனால் ஆவியாவதற்கான வெப்பத்தைச் சிலிண்டரின் சுவர் வழியாகச் சுற்றுப்புறத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சிலிண்டர் பாதிக்கும் கீழே இருந்து, எல்லா பர்னர்களையும் முழு வீச்சில் எரித்தால், திரவம் தானே குளிர்ந்து, உள்ளழுத்தம் சரிந்து, தீயும் தாழும். திரவம் நிற்கும் மட்டம் வரை வெளியே பனி பூத்திருப்பதைக் காணலாம். இது ரெகுலேட்டரின் பிழை அன்று. நிறைந்த சிலிண்டரைப் பொருத்தி, ஒரு பர்னரைக் குறைத்தால் சரியாகிவிடும். சிலிண்டரைச் சூடாக்கத் தீயையோ மின் ஹீட்டரையோ அருகில் கொண்டுபோகக் கூடாது. மழைநீரோ உருகிய பனியோ ரெகுலேட்டரின் மூச்சுத்துளையில் உறைந்து அடைத்துக்கொண்டால் மட்டும் அழுத்தம் உண்மையிலேயே பிசகும். துளை கீழ்நோக்கி இருக்கும்படி ரெகுலேட்டரைப் பொருத்தச் சொல்வது இதற்காகத்தான்.

கேஸ் அறவே வரவில்லை

சிலிண்டரில் கேஸ் இருந்தும் பர்னரில் ஒரு சீற்றல்கூடக் கேட்கவில்லையென்றால், இணைப்பு நட்டு முழுவதும் இறுகவில்லை என்பதே முதற்காரணம். இக்காலச் சிலிண்டர் வால்வுக்குள் ஒரு தடுப்பான் இருக்கிறது. ரெகுலேட்டரின் பித்தளை மூக்கு ஆழமாகச் சென்று அதைத் தள்ளினாலொழிய வால்வைத் திறந்தாலும் கேஸ் வெளிவராது. நட்டைக் கழற்றி, மரை கோணலாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, மீண்டும் நேராகப் பிடித்துத் திருகுங்கள். நட்டின் பிளாஸ்டிக் உருகியோ உருமாறியோ இருந்தால் அருகே ஏதோ தீ எரிந்திருக்கிறது என்று பொருள். கடுஞ்சூட்டில் இளகிக் கேஸை அடைத்துவிடும்படியே அந்த நட்டைச் செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ரெகுலேட்டரை மாற்றுவதற்கு முன், அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

சரியான ரெகுலேட்டரைத் தேர்ந்தெடுத்தல்

கிரில்லுக்குத் தனி ரெகுலேட்டரும் தனி டியூபும் வாங்குவதைவிட, இரண்டும் ஆலையிலேயே இணைக்கப்பட்டு வரும் ஒரே தொகுதியை வாங்குவது நல்லது; பழைய டியூபில் புதிய ரெகுலேட்டரை இடுக்கிவைப்பதில் மிச்சமாகும் பணம் அற்பம். சிலிண்டரோடு சேரும் முனை கியூ.சி.சி.1 வகையாக இருக்க வேண்டும். பெரிய பிளாஸ்டிக் நட்டுடன், வால்வின் வெளிமரையில் வலப்பக்கம் திருகிக் கையாலேயே இறுக்கும் வகை அது. 1995-க்கு முந்தைய கிரில்களில் பி.ஓ.எல். என்ற பழைய பித்தளை முனை இருக்கும். அது வால்வின் உள்மரையில் இடப்பக்கம் திருகி ஸ்பேனரால் இறுக்கப்படுவது. இக்காலச் சிலிண்டர் இரண்டையும் ஏற்கும் என்பதால் பழையதையே மீண்டும் வாங்கத் தோன்றும். ஆனால் கியூ.சி.சி.1 முனைக்கு மாறினால், மிகைப்பாய்ச்சலைத் தடுப்பது, சூட்டில் அடைத்துக்கொள்வது, இறுகாமல் கேஸ் விடாதிருப்பது ஆகிய மூன்று பாதுகாப்புகளும் பழைய கிரில்லுக்குக் கிடைத்துவிடுகின்றன. பழைய கிரில் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே, கோளாறு வரும்வரை காத்திராமல் மாற்றிக்கொள்ளலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

நட்டின் நிறம் அது விடக்கூடிய கேஸின் அளவைக் காட்டும். கறுப்பு நட்டு மணிக்கு 100,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வரையும், பச்சை நட்டு 200,000 பி.டி.யு. வரையும் தாங்கும். பக்க அடுப்பு உட்பட உங்கள் கிரில்லின் எல்லா பர்னர்களின் அளவையும் கூட்டிப் பாருங்கள். கிரில்லின் உட்புறத் தகட்டில் அது அச்சிடப்பட்டிருக்கும். அதே தகட்டில் அழுத்தம் 11 அங்குல நீர் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இயற்கை எரிவாயுவுக்காகச் செய்த கிரில் என்றால் அதன் ஜெட்டுகளே வேறு. ரெகுலேட்டரை மாற்றுவதால் மட்டும் அது புரொப்பேனுக்கு உகந்ததாகிவிடாது.

கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இன்னொரு வகையிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. வான்கோழியை எண்ணெயில் பொரிக்கும் பெரிய அடுப்புகளுக்கான ரெகுலேட்டர்கள், திருப்பும் குமிழோடு, சதுர அங்குலத்துக்கு 20 அல்லது 30 பவுண்டு வரை அழுத்தம் தருபவை. முனை ஒன்றுபோல இருப்பதால் சிலிண்டரில் அழகாகப் பொருந்தும்; கிரில்லில் பொருத்தினால் வேண்டிய அழுத்தத்தைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல் கொட்டும். குறையழுத்த வகை என்று உறையில் தெளிவாக எழுதியிருப்பதையும், யூ.எல். அல்லது சி.எஸ்.ஏ. என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரை இருப்பதையும் பார்த்து வாங்குங்கள். இந்தியாவில் 14.2 கிலோ சிலிண்டரின் தலையில் சொடுக்கிப் பொருத்தும் ரெகுலேட்டர் இங்குள்ள வால்வில் பொருந்தாது. இடைமுனை வைத்துப் பொருத்த முயலவும் வேண்டாம்.

மாற்றும் முறை

கிரில் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை எடுத்து நிமிர்த்தியபடியே சில அடி தள்ளி வையுங்கள். பர்னர் குமிழ்களைத் திறந்து எஞ்சிய கேஸை வெளியேற்றி, மூடிவிடுங்கள். டியூப் எந்த வழியாக வளைந்து போகிறது என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்க அடுப்பு உள்ள கிரில்லில் டியூப் இரண்டாகப் பிரியும் என்பதால் இது உதவும்.

டியூபின் மறுமுனை பெரும்பாலான கிரில்களில் ஃபிளேர் எனப்படும் கூம்பு முனை இணைப்பால், பர்னர் வால்வுகள் வரிசையாக அமர்ந்திருக்கும் பங்கீட்டுக் குழாயோடு சேர்கிறது. பொதுவான அளவு 3/8 அங்குலம். ஆயினும் பழையதைக் கையில் எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவதே பத்திரம். கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் தேவை: ஒன்றால் பங்கீட்டுக் குழாயின் முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைத் திருப்ப வேண்டும். ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் மெல்லிய குழாயே திருகிக்கொண்டு, அதுவரை நன்றாக இருந்த வால்வு இணைப்புகளில் புதிய கசிவு உண்டாகும். துரு பிடித்து அசையாவிட்டால் ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள்; தீயால் சூடாக்கக் கூடாது.

கூம்பு முனையில் பித்தளையும் பித்தளையும் நேரடியாக அழுந்துவதுதான் கேஸ் கசியாமல் தடுக்கிறது. ஆகவே அங்கே டெஃப்லான் டேப்போ பசையோ பூசக் கூடாது. பூசினால் முகங்கள் சரியாக அழுந்தாமல் கசிவுதான் மிஞ்சும். கீறலோ அழுக்கோ இருக்கிறதா என்று பார்த்து, சுத்தமான துணியால் துடைத்து, முதலில் விரலால் முழுவதும் திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்கமாகும் வரை மட்டும் திருப்புங்கள். மிகையாக முறுக்கினால் கூம்பு பிளந்துவிடும். குறுகிக்கொண்டே போகும் கூர்மரை கொண்ட பழைய மாதிரி என்றால் மட்டும், கேஸுக்கென்று குறிக்கப்பட்ட மஞ்சள் டேப்பைப் பயன்படுத்தலாம்.

டியூப் அடிப்பெட்டியின் சூடான பரப்பையோ கொழுப்பு வடியும் வழியையோ தொடாமல், கூர்மையாக மடியாமல், நடப்பவர் காலில் இடறாமல் செல்லும்படி வழிவிடுங்கள். சிலிண்டரைப் பொருத்தி, நட்டைக் கையால் மட்டும் இறுக்கி, சோப்புத் தண்ணீர்ச் சோதனையை முழுமையாக, சிலிண்டர் முதல் பர்னர் வால்வுகள் வரை செய்யுங்கள். ஒரே ஒரு குமிழி வளர்ந்தாலும் வால்வை மூடி, கழற்றி, மீண்டும் பொருத்திச் சோதிக்க வேண்டும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், எதையும் மாற்றாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை, முதன்முதலாகப் பயன்படுத்தும் முன்பே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறது.

கசிவு இல்லையென்று உறுதியான பின், மூடியைத் திறந்து வைத்து, வால்வை மெதுவாகத் திறந்து, ஒரு பர்னரைப் பற்றவையுங்கள். ஐந்து நொடிக்குள் பற்றாவிட்டால் குமிழை மூடி, தேங்கிய கேஸ் கலைய ஐந்து நிமிடம் விட்டு, மீண்டும் முயலுங்கள். தீ நீலமாக, பர்னரை ஒட்டி, எல்லாத் துளைகளிலும் சமமாக எரிந்தால் அழுத்தம் சரி. ஐயம் தீரவில்லையென்றால், கேஸ் தொழில்நுட்பரிடம் அழுத்தத்தை அளந்து தரச் சொல்லலாம்: பர்னர் எரியும்போது நீர்மானியின் (நீரின் மட்டத்தால் அழுத்தத்தை அளக்கும் வளைந்த குழாயின்) இரு கைகளுக்கும் இடையே 11 அங்குலம், அதாவது 28 செண்டிமீட்டர் அளவில் வேறுபாடு நிற்க வேண்டும். எல்லாவற்றையும் மூடியதும் அது சிறிது ஏறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், புதியதே ஆனாலும் அந்த ரெகுலேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிலிண்டரின் கழுத்தில் பொறித்த தயாரிப்புத் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கனடாவில் 10 ஆண்டு கடந்த சிலிண்டரை மறுசோதனை செய்யாமல் நிரப்ப மாட்டார்கள். கழற்றிய பழைய ரெகுலேட்டரை வேறு யாரும் எடுத்துப் பொருத்திவிடாதபடி, டியூபை நடுவில் வெட்டிவிட்டே குப்பையில் போடுங்கள்.